மணி தெரியாத சாட்சி

நான் பார்த்த வயர்லெஸ் ஆக்சஸ் பாயிண்ட் அமைப்புப் பக்கங்களில் எச்சரிக்கை மெயிலுக்கு வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். நேர ஒத்திசைவு கடைசி மூலையில். இந்த வரிசையே தப்பு. பல கருவிகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், என்டிபி சர்வரைக் கேட்காமல் அவற்றுக்கு மணி தெரியாது. 2001-ல் வந்த ஆர்எஃப்சி 3164 விவரிக்கும் சிஸ்லாக் நேரக்குறிப்பில் ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை.

எங்கள் ஆபீஸ் கருவி 3.40-க்கு ரீபூட் ஆனதாகப் பதிவு. அதிகாலை என்று நினைத்து, இரவுக் காவலர் அண்ணனிடம் கேட்டும்விட்டேன். அது யுடிசி நேரம். ஐந்தரை மணி கூட்டினால் காலை 9.10. பிளக்கைப் பிடுங்கி மாட்டியது சாட்சாத் நானேதான்! மன்னிப்புக் கேட்டேன்.

முதலில் கடிகாரம், நேர மண்டலம். எச்சரிக்கை அப்புறம்.