பாடும் சீட்டும்

விசுவாசம் வாழ்க்கைக்கு வழிகாட்டும் என்பது பிரசங்க மேடையில் கேள்விக்கு அப்பாற்பட்ட வாக்கியம். இலக்கியத்தில் அது சோதனைக்கு உட்பட வேண்டிய வாக்கியம். தமிழில் கிறிஸ்தவ எழுத்து என்று வருவதில் பெரும்பகுதி இந்தச் சோதனையைத் தவிர்த்துவிடுகிறது. முதல் பக்கத்தில் கஷ்டம், நடுவில் ஜெபம், கடைசியில் ஆறுதல். பற்றும் வரவும் நேராகிவிடுகின்றன. மனிதன் மட்டும் விடுபட்டுப் போகிறான்.

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) இப்படிக் கணக்கெழுதவில்லை. மணப்பாட்டுக் கரையில் லாஞ்சுகள் வந்து வள்ளங்களை ஒதுக்குகின்றன. வள்ளத்தை விற்கச் சொல்கிறான் மகன். குரூஸ் மிக்கேலால் அது முடியவில்லை. பிலோமி காதலை இழக்கிறாள், கசப்பில்லாமல் மிஞ்சுகிறாள். அவளுடைய அன்பு கிறிஸ்தவ அன்பேதான். அதை யாரும் உபதேசிக்காததால் நாம் நம்புகிறோம். ஆனாலும் அது ஒரு தனி மனத்தின் வெற்றி. லாஞ்சுக்கும் வள்ளத்துக்கும் இடையே நியாயம் எது என்று கேட்டால் அந்த அன்பிடம் பதில் இல்லை.

இந்தப் பதிலின்மையை இன்னொரு மீனவக் கரையில், சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில், வைத்துப் பார்க்கலாம். அங்குள்ள மகிமை மாதா கோயிலின் தொடக்கம் 1515 என்பது மரபு. டச்சுக்காரர்களின் கெல்திரியா கோட்டை எழுந்தது 1613இல். அவர்களும் வேதம் வாசித்தவர்களே. அந்த நூற்றாண்டிலேயே இங்கிருந்து மனிதர்களை அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், மரணத்தை மறவாதிருக்க. விற்கப்பட்டவர்களுக்கு அங்கே கல்லறை கிடையாது.

ஏரி மீனவர்களிடம் வேறொரு வேதம் உண்டு. அதன் பெயர் பாடு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும் முறை. நல்ல இடம் ஒருவனிடமே தங்கிவிடாது. உழைப்புக்கும் துன்பத்துக்கும் தமிழில் பாடு என்றே பெயர்; கிறிஸ்து பட்டதற்கும் அதே சொல். யூதாசின் இடத்துக்கு மத்தியா வந்ததும் சீட்டினால்தான். ஆனால் சிலுவையடியில் போர்ச்சேவகர்கள் அவருடைய அங்கிக்கும் சீட்டுப் போட்டார்கள். சீட்டு தன்னளவில் நியாயமாகிவிடாது. யார் பெயர் உள்ளே இருக்கிறது, யார் உடைமை பங்கிடப்படுகிறது என்பதில் இருக்கிறது நியாயம்.

பட்டினவர் தலைக்கட்டுக்குள் வராதவர்களுக்குப் பாட்டில் பங்கு இல்லை. இருளர்கள் தண்ணீரில் அமிழ்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். வேலிக்குள் சமத்துவம், வேலிக்கு வெளியே வெறுங்கை. இந்த வேலியைப் பற்றிப் பேசாத விசுவாசம் யாருக்கு வழி காட்டுகிறது?

அதே மீனவர்கள் பெரிய சீட்டு ஒன்றில் வெளியே நிற்கிறார்கள். 1971இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போகக் கூடாது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம், அதன் பின் காட்டுப்பள்ளித் துறைமுகம். முகத்துவாரம் மணலடித்துத் தூர்ந்துபோகிறது. இவற்றைத் தீர்மானித்த சீட்டில் அவர்கள் பெயர் இல்லை. அங்கி மட்டும் அவர்களுடையது.

இவர்களிடம் பொறுமையைப் போதிப்பது எளிது. சுவிசேஷத்தின் தொடக்கத்தில் மீனவர்கள் வலையை விட்டுவிட்டுப் பின்செல்கிறார்கள். பிரசங்கங்களுக்குப் பிடித்த இடம் அது. யோவானின் கடைசி அதிகாரம் அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. எல்லாம் முடிந்தபின் பேதுரு திரும்பவும் மீன் பிடிக்கப் போகிறான். இரவு முழுவதும் ஒன்றும் அகப்படவில்லை. விடியலில் கரையில் நிற்பவர் வலை போடும் இடத்தைச் சொல்கிறார். கரி நெருப்பில் மீனும் அருகே அப்பமும் தயாராயிருக்கின்றன. சாப்பிட்ட பிறகே பேச்சு. அவர் காட்டிய வழி தொழிலுக்கும் பசிக்கும் உள்ளேயே இருந்தது.

அந்த நெருப்பைச் சுற்றி யார் யாருக்கு இடம் என்பதே இன்றைய கேள்வி. பிலோமியின் அன்பு இந்தக் கேள்வியைத் தொட்டிருந்தால் ‘கடல்புரத்தில்’ இன்னும் பெரிய நாவலாகியிருக்கும். இனி இந்தக் கரையை எழுத வருகிறவன், கையில் இறாலோடு ஏரியிலிருந்து எழும் இருளப் பெண்ணை எங்கே உட்கார வைக்கப்போகிறான் என்று பார்க்க வேண்டும்.