பாழுலகமும் பக்கத்து வீடும்

கணினி விளையாட்டை ஓர் இலக்கிய ஏடு ஆராய்வதா என்று ஆசிரியப் பெருமக்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நாவல் முளைவிட்ட காலத்திலும் பண்டிதருட் சிலர் இவ்வாறே முகஞ்சுளித்தனர். சினிமா வந்தபோதும் சுளித்தனர். அவர்கள் தீர்ப்புக் கூறி முடிப்பதற்குள் மக்கள் அக்கலைகளைத் தம் வாழ்வின் பகுதியாக்கிக் கொண்டனர். இன்று கண்டியிலும் பேராதனையிலும் எமது மாணவருட் பலர் நாவலிலே தேடாத உலகத்தைக் கணினித் திரையிலே தேடுகின்றனர். அவர்கள் அங்கே எதைக் காண்கின்றனர், கண்டதிலிருந்து எதை நம்பத் தொடங்குகின்றனர் என்பதை அறியாமல் அவர்களுக்கு இலக்கியம் போதிக்கப் புறப்படுவது, கேட்போரின் மொழி தெரியாமல் மேடையேறுவதை ஒக்கும். எனவே, மாணவரிடையே பெரிதும் பேசப்படும் ஒருவகை விளையாட்டை இங்கே எடுத்துக்கொள்வோம். உலகம் அழிந்த பின், எஞ்சிய ஒருவனின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, அவன் கண்வழியே அவ்வழிவைக் காட்டும் சுடுவிளையாட்டுகளே அவை.

இவ்வகையில் தலையாயவை இரண்டும் உக்ரேனின் தலைநகராகிய கீவில் பிறந்தவை. ‘ஸ்டோக்கர்: செர்னோபிலின் நிழல்’ 2007 இல் வெளிவந்தது. ‘மெற்றோ 2033’ 2010 இல் வெளிவந்து, 2013 இலும் 2019 இலும் தொடர்ச்சிகளைப் பெற்றது. இரண்டுக்கும் இலக்கிய வேர் உண்டு. முன்னையதன் பின்னால் ஸ்ருகாற்ஸ்கி சகோதரர்கள் 1972 இல் வெளியிட்ட சோவியத் குறுநாவலும், அதைத் தழுவித் தர்கோவ்ஸ்கி 1979 இல் எடுத்த திரைப்படமும் நிற்கின்றன. 1986 ஏப்ரல் 26 ஆம் திகதி செர்னோபில் அணு உலை வெடித்த உண்மையும் நிற்கிறது. பின்னையது, ரஷ்ய எழுத்தாளர் திமித்ரி குளுகோவ்ஸ்கி 2002 இல் இணையத்தில் இலவசமாக வெளியிட்டு, 2005 இல் அச்சேற்றிய நாவலைத் தழுவியது. அணுப்போரில் மேலுலகம் நஞ்சாகிவிட, மொஸ்கோவின் சுரங்கப் புகையிரத நிலையங்களிலே மனிதர் எலிகள்போல் வாழ்வதே அதன் கதை.

முதலில் இவற்றின் சிறப்பைக் கூறிவிடுவோம். வழக்கமான போர்விளையாட்டிலே வீரனுக்குக் குண்டு குறைவதில்லை, மூச்சு முட்டுவதில்லை, அவன் முன் வருவோர் விழுவதற்கென்றே வருகின்றனர். அது ஏகாதிபத்தியச் சிப்பாயின் பகற்கனவு. ‘மெற்றோ 2033’ இல் நிலைமை வேறு. மேலே செல்ல நச்சுவாயு முகமூடி வேண்டும். அதன் வடிகட்டி சில நிமிடங்களே உழைக்கும். மீதி நேரத்தை மணிக்கட்டிலுள்ள கடிகாரம் காட்டும். முகமூடிக் கண்ணாடி அடிபட்டு வெடிக்கும். நம் காதில் விழுவது இசையன்று, முகமூடிக்குள் இழுத்து விடும் மூச்சு. டோர்ச்சின் ஒளி மங்கினால் கையால் அழுத்தி மின்னேற்ற வேண்டும். இவ்விளையாட்டின் சூழல் வெறும் திரைச்சீலையன்று. மனித உடல் எளிதில் அழியக்கூடியது, காற்று இலவசமன்று, நேரம் எல்லையுடையது என்னும் மூன்று உண்மைகளை அது விரல்நுனிக்குக் கொண்டுவருகிறது. இதை யதார்த்தம் என்று அழைக்க நாம் தயங்க வேண்டியதில்லை.

அடுத்தது, ஒளிந்து செல்லல். பகைவர் பலர், இவனோ ஒருவன். ஆகவே விளக்குகளை அணைத்து, இருளைப் போர்த்து, சுவரோடு சுவராக நகர்கிறான். அவ்வாறு பதுங்கியிருக்கையில் காவலாளிகள் பேசுவது காதில் விழுகிறது. வீட்டைப் பற்றி, குளிரைப் பற்றி, தளபதியின் மடமையைப் பற்றிப் பேசுகின்றனர். ஓடிச் சென்று சுடுபவனுக்கு இப்பேச்சு ஒருபோதும் கேட்பதில்லை. பதுங்குபவன் கேட்டே ஆகவேண்டும். கேட்டபின் அந்தக் காவலாளி வெறும் இலக்காக இருப்பதில்லை. ஒளிதல் கோழைத்தனம் என்று போர்ப்பாட்டுகள் கற்பித்தன. ஒளிதல் செவியைத் திறக்கும் என்று இவ்விளையாட்டு கற்பிக்கிறது.

இது தற்செயல் அன்று. விளையாடுபவனுக்குத் தெரியாமல் ‘மெற்றோ 2033’ ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பிறர் பேச்சை நின்று கேட்டானா, யாசித்தவனுக்குக் கொடுத்தானா, தொலைந்த சிறுவனைத் தோளில் சுமந்து தாயிடம் சேர்த்தபின் அவள் நீட்டிய கூலியை மறுத்தானா என்று அது குறித்துக்கொள்கிறது. இறுதியில், மனிதர் தமக்குப் பகை என்று அஞ்சும் விநோத உயிர்கள்மேல் ஏவுகணைகளை ஏவும் கட்டம் வருகிறது. கணக்கில் போதிய அளவு சேர்த்தவனுக்கே அதைத் தடுக்கும் வாய்ப்புக் கிடைக்கும். ஏனையோர், அவ்வுயிர்கள் சமாதானம் நாடியே வந்தன என்பதை அறியாமல் அழித்துவிட்டு, வென்றதாக எண்ணி எழுந்து செல்வர். தன் கொடுமையைத் தானே அறியாத வெற்றிவீரனைப் பற்றி இதைவிடக் கூரிய நையாண்டி சுடுவிளையாட்டு உலகில் அரிது.

இக்கற்பனை ஏட்டோடும் திரையோடும் நிற்கவில்லை. 2022 பெப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரேனுள் புகுந்தபோது, கீவ் மக்கள் குழந்தைகளோடும் பாய் தலையணைகளோடும் தம் நகரின் சுரங்கப் புகையிரத நிலையங்களிலே தஞ்சம் புகுந்தனர். அப்போரைக் கண்டித்த குளுகோவ்ஸ்கிக்கு 2023 ஆகஸ்டில் மொஸ்கோ நீதிமன்றம் ஒன்று, அவர் நாட்டில் இல்லாதபோதே, எட்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பாழுலகை எழுதியவன் அதை வருவித்தவரை எதிர்த்தான் என்பதை நம் மாணவர் அறிய வேண்டும்.

எனினும், விமர்சகன் கடமை பாராட்டோடு முடிவதில்லை. சூழலிலும் ஒளிதலிலும் இவ்வளவு நேர்மை காட்டும் இவ்விளையாட்டு, பிழைத்தல் என்னும் மையக் கேள்வியிலே எந்தப் பக்கம் நிற்கிறது?

மெற்றோ உலகில் பணம் எது? போருக்கு முன் செய்யப்பட்ட நல்ல துப்பாக்கிக் குண்டுகளே பணம். அவற்றைக் கொடுத்து மருந்தும் வடிகட்டியும் வாங்கலாம். நெருக்கடியில் அவற்றையே துப்பாக்கியில் இட்டுச் சுடவும் செய்யலாம். அப்போது தன் செல்வத்தையே சுட்டுத் தீர்க்கிறான். நாணயத்தின் பின்னே வன்முறை மறைந்து நிற்கிறது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது எளிதன்று. ஆனால், பண்டங்கள் எவ்வாறு கைமாறுகின்றன என்று காட்டும் இவ்விளையாட்டு, அவற்றை யார் ஆக்குகின்றனர் என்பதை ஓரக்கண்ணாலேயே பார்க்கிறது. நாவலிலே கதாநாயகன் ஆர்த்தியோமின் நிலையத்தார் பன்றி வளர்த்து, காளான் பயிரிட்டு, அதிலிருந்து ஒருவகைத் தேநீர் ஆக்கிச் சுரங்கமெங்கும் விற்கின்றனர். விளையாட்டில் அத்தகைய உழைப்பாளர் வழியோரக் காட்சிகள். நாம் அவர்களைக் கடந்து துப்பாக்கிக் கடைக்குச் செல்கிறோம். தேநீரை அறிந்து, கொழுந்து கிள்ளிய கையை அறியாத உலகத்தின் பார்வை இது. மலையகத்தார்க்கு இப்பார்வை புதிதன்று.

இத்தனிமனிதனுக்கு ஒரு மூதாதை உண்டு. 1719 இல் டானியல் டீபோ படைத்த றொபின்சன் குரூசோவே அவன். ஆளில்லாத் தீவில் ஒருவன் தன் கையாலும் கணக்குப் புத்தகத்தாலும் உலகத்தையே ஆக்கிக்கொள்ளும் அக்கதையைப் பொருளியலாளர் மனித இயல்பின் மாதிரியாக எடுத்தாண்டதைக் கார்ல் மார்க்ஸ் எள்ளி நகையாடினார். சமூகத்துக்கு வெளியே நிற்கும் தனிமனிதன் இயற்கையின் படைப்பல்லன், ஒரு குறித்த சமூகத்தின் கற்பனை என்பது அவர் வாதம்.

அக்கற்பனைக்கு உரமாய் அமைந்தனவாக ஆய்வாளர் கருதும் நூல்களுள் ஒன்று எமது கண்டி மண்ணிலிருந்து எழுந்தது. 1660 இல் கொட்டியாரத்தில் பிடிபட்ட ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், கண்டி இராச்சியத்துக் கிராமங்களிலே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்தார். 1679 இல் காட்டுவழியே பதுங்கிச் சென்று, மல்வத்து ஓயாக் கரையைப் பற்றி அரிப்புக் கோட்டையை அடைந்து தப்பினார். அவர் நூல் 1681 இல் இலண்டனில் வெளிவந்தது. டீபோ அதைப் படித்திருந்தார் என்பதற்கு அவரது மற்றொரு நாவலில் நொக்ஸின் கதை இடம்பெறுவதே சான்று. ஆனால் நொக்ஸ் தனியே பிழைத்தவரல்லர். தொப்பி பின்னி ஊராரிடம் விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். சிறு வியாபாரியாக ஊரூராகச் சென்றே தப்பும் வழியை அறிந்தார். தப்பியபோதும் ஒரு தோழனோடு தப்பினார். ஊர்ச்சமூகம் அவரை இருபது ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தது. கதை இலண்டனைச் சேர்ந்து குரூசோவாக மாறியபோது அந்த ஊர் மறைந்தது. தீவும் தனிமனிதனும் எஞ்சினர். மூன்று நூற்றாண்டு கடந்து அவனே முகமூடி அணிந்து எமது மாணவரின் திரையிலே நடக்கிறான்.

கண்டியார் இருளை அறியாதவரல்லர். 1977 ஆகஸ்டிலும் செப்டெம்பரிலும் நிகழ்ந்த வன்செயல்களைச் சன்சோனி ஆணைக்குழு விசாரித்தது. 1983 ஜூலையில் கண்டிக் கடைத்தெருக்களிலே தமிழரின் கடைகள் எரிந்தன. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நாடெங்கும் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. ஒவ்வொரு முறையும் மக்கள் விளக்கணைத்தனர், மூச்சடக்கினர், காலடியோசைக்குச் செவிகொடுத்தனர். அவர்கள் கையில் துப்பாக்கி இருக்கவில்லை.

எமக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் கூறியதை இங்கே குறிப்பிட வேண்டும். கண்டி மாவட்டத் தோட்டம் ஒன்றில், லயக் காம்பிராவில் அமர்ந்து அவர் ‘மெற்றோ’ விளையாடிக் கொண்டிருந்தார். பின்னால் நின்று பார்த்த பாட்டி கேட்டாராம்: “ஏம்பா, இந்த ஆளு தனியாவே ஒளியுறானே, இவனுக்குப் புள்ளகுட்டி இல்லியா? புள்ள அழுதா வாயப் பொத்துறது யாரு?”

விளையாட்டு நின்றது. 1977 இல் அப்பாட்டி தேயிலைச் செடிகளுக்கிடையே கைக்குழந்தையோடு இரவுகளைக் கழித்தவர். பிறகு, பாதையோரத்து வீட்டிலிருந்து ஒரு சிங்களத் தாய் வந்து, குழந்தைக்கேனும் கூரை வேண்டும் என்று அழைத்துச் சென்றாராம். இருபது வயதுவரை பேரனுக்கு இக்கதை தெரியாது. அவர் எம்மிடம், “சேர், அந்தக் குழந்தை எங்கள் அம்மா” என்றார்.

அப்பாட்டியின் கேள்வியை நாம் இலக்கியக் கேள்வியாகவே கொள்கிறோம். பதுங்கி வாழ்ந்தோரின் மெய்யான அனுபவத்தில் பிழைத்தல் தனிமனிதத் திறமையன்று. எந்தக் கதவைத் தட்டுவது, தட்டினால் திறப்பார்களா என்பதே அங்கு கேள்வி. திறந்தவரும் அஞ்சியே திறந்தார். கண்டுபிடிக்கப்பட்டால் அவர் வீடும் எரியும். அந்தக் கதவருகே நிகழும் நாடகத்தைச் சுடுவிளையாட்டு தன் வடிவத்தாலேயே இழக்கிறது. கையில் எப்போதும் துப்பாக்கி இருப்பவனுக்குப் பிறர் கதவு தேவைப்படுவதில்லை. சிறுவனைத் தோளில் சுமக்கும் அந்த ஒரு கட்டத்திலே ‘மெற்றோ’ இவ்வுண்மையின் வாசல்வரை வருகிறது, உள்ளே நுழையவில்லை.

நுழைந்த முயற்சியும் உண்டு. 2014 இல் போலந்துக் கலைஞர்கள், 1990களின் சரயேவோ முற்றுகையை மனத்திற்கொண்டு, ‘என்னுடைய இந்தப் போர்’ என்னும் விளையாட்டை ஆக்கினர். அது சுடுவிளையாட்டன்று. அதில் நாம் இயக்குவது இடிந்த வீடொன்றில் சேர்ந்து வாழும் சாதாரண மனிதர் சிலரை. அயலார் வந்து கதவைத் தட்டுகின்றனர். குழந்தைகள் தாய்க்கு மருந்து கேட்கின்றனர். கொடுத்தால் நமக்குக் குறையும், கொடாவிட்டால் மனம் உடையும். பிழைத்தலின் கேள்வி அங்கே சமூகக் கேள்வியாகிவிடுகிறது.

இவற்றை நசிவுக்கலை என்று ஒதுக்கித் தடைசெய்யச் சொல்வோரோடு நாம் உடன்படோம். சுரங்கத்து இருளில் செவிமடுக்கக் கற்றவன், வெற்றிப்படைக் கூச்சலில் வளர்ந்தவனிலும் மேலானவன். விளையாட்டுத்தானே, அதில் என்ன கருத்து என்று கைவிரிப்போரோடும் உடன்படோம். உலகம் அழியும், அன்று ஒவ்வொருவனும் தனக்குத் தானே என்னும் நம்பிக்கையை இவ்வகை விளையாட்டுகளிற் பெரும்பாலானவை ஓசையின்றி விதைக்கின்றன. அது அழிவைப் பற்றிய நம்பிக்கையன்று. இன்றைய சந்தைச் சமூகத்தைப் பற்றிய நம்பிக்கை. 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின் நின்றபோது கணினிகளும் நின்றன. அப்போது அந்நம்பிக்கையை எமது வீதிகள் பல பொய்ப்பித்தன: எரிவாயு இருந்த வீட்டில் இல்லாதவர் வீட்டுச் சோறும் வெந்தது.

ஆசிரியர்களுக்கு நாம் சொல்லக்கூடியது, பாட்டி கேட்ட கேள்வியை வகுப்பிலே கேளுங்கள் என்பதே. மாணவர்களிடம் நாம் எதிர்பார்ப்பது சற்றுக் கூடுதலானது. கணினிக் கலை கற்றோர் உங்களுள் பலர். தேயிலைச் செடிகளின் நடுவே, கையில் ஆயுதமின்றி, மார்பில் குழந்தையோடு பதுங்கியிருக்கும் ஒருத்தியின் கண்வழியே உலகைக் காட்டும் விளையாட்டை வேறெவரும் ஆக்கமாட்டார். அதன் முடிவு அவள் எத்தனை பேரைச் சுட்டாள் என்பதில் இராது. பாதையோரத்து வீட்டிலே ஒரு விளக்கு ஏற்றப்பட்டதா என்பதில் இருக்கும். அதை ஆக்குவதற்கு முன் வீட்டுக்குச் சென்று, இதுவரை வாய்திறவாத பெரியவர்களிடம் கேளுங்கள். சாட்சிகள் இன்னும் உயிரோடிருக்கின்றனர்.