குருதியும் நிறக்கோடும்

புற்றுநோய் நாகரிகம் அடைந்தோரின் நோய்; கறுப்பரை அது அதிகம் தீண்டுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவருட் பலர் இவ்வாறே நம்பினர். இந்நம்பிக்கை தோன்றியும் தகர்ந்தும் போன வரலாற்றைக் கீத் வைலூ 2011இல் வெளிவந்த தமது நூலில் ஆராய்கின்றார். 'புற்றுநோய் நிறக்கோட்டைக் கடந்த விதம்' என அதன் தலைப்பைத் தமிழில் வழங்கலாம்.

புள்ளிவிபரத்தையும் ஐயத்துடன் நோக்கக் கற்பிப்பதே இந்நூலின் சிறப்பு. மருத்துவரைக் காணாமலே மாண்ட ஏழையின் நோய் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஏட்டில் இல்லாததை உடலிலும் இல்லையெனக் கொண்டு, வறுமை மறைத்ததை இனத்தின் இயல்பென்றனர். காப்புறுதி நிறுவனமொன்றின் புள்ளிவிபரவியலாளரான பிரெடெரிக் ஹொஃப்மன், கறுப்பரின் உயர்ந்த மரணவீதத்துக்கு இன இயல்பே காரணமென 1896இல் எழுதினார். அவர்களுக்குக் காப்புறுதி மறுப்பதற்கு அது வசதியான வாதமாயிற்று.

ஆயினும் நூல் பெரிதும் எண்ணங்களின் வரலாறாகவே அமைகின்றது. வைத்தியசாலை வாயிலில் நிகழ்வதை அறிய நாம் அதற்கப்பாலுஞ் செல்லவேண்டும். இரத்தப் புற்றுநோய்களுள் ஒன்றான மயலோமாவை நோக்குவோம். என்பு மச்சையில் தோன்றும் இந்நோய், அமெரிக்க வெள்ளையரிலும் பார்க்கக் கறுப்பரிடையே ஏறத்தாழ இருமடங்காகக் காணப்படுகின்றது. இதிற் பரம்பரைக்கும் பங்குண்டு என்பதை மறுத்தல் விஞ்ஞானமாகாது. ஆனால் நோய் தோன்றுவது வேறு, நோயாளி பிழைப்பது வேறு. மச்சை மாற்றுச் சிகிச்சையும் புதிய மருந்துகளும் கறுப்பரைப் பிந்தியும் குறைவாகவுமே சென்றடைகின்றன. முன்னாட் படைவீரருக்கான அரசாங்க வைத்தியசாலைகளிலோ சிகிச்சை பெறும் வாய்ப்புப் பெரிதும் சமமானது. அங்கு நிகழ்த்தப்பெற்று 2019இல் வெளியான ஆய்வில், 65 வயதுக்குட்பட்ட கறுப்பின நோயாளிகள் வெள்ளையரிலும் நீண்டகாலம் வாழ்ந்தமை புலனாயிற்று. இனமே விதியென்போர் இதற்கு என்ன விடை கூறுவர்?

பிறரிடமிருந்து மச்சை பெறவேண்டிய இரத்தப் புற்றுநோயாளரின் நிலை இன்னுஞ் சிக்கலானது. முற்றாகப் பொருந்தும் கொடையாளர் பதிவேட்டிற் கிடைக்கும் வாய்ப்பு, ஐரோப்பிய வம்சாவளியினருக்கு நூற்றுக்கு 75 எனவும் ஆபிரிக்க அமெரிக்கருக்கு 19 எனவும் 2014இல் ஓர் ஆய்வு கணித்தது. ஆபிரிக்க வம்சாவளியினரின் மரபுப் பன்மை இதற்கொரு காரணம்; பதிவேட்டில் அவர்கள் குறைந்திருத்தல் மற்றொன்று. முன்னையது இயற்கை, பின்னையது சமுதாயம் ஆக்கியது, ஆதலின் சமுதாயத்தால் மாற்றத்தக்கது.

இவ்விரண்டையும் பிரித்தறியாது 'இனம்' என்ற ஒரு சொல்லாற் சுட்டுவோர், ஆராய்ச்சி தொடங்கவேண்டிய இடத்தில் அதனை முடித்துவிடுகின்றனர். பாடநூலிற் காணும் அட்டவணையை மனனஞ் செய்யும் மாணவன், அதில் எண்ணப்பட்டோர் யார், எண்ணப்படாதோர் யார் என்று வினவப் பழகவேண்டும். அப்பழக்கத்தை ஊட்டவல்லது என்பதனாலேயே வைலூவின் நூலை ஆசிரியர்கள் படித்தல் வேண்டும்.