இருட்டறை விமர்சனமும் வெளிச்சமான ஹாலும்

கொஞ்ச நாளாக டிவி விமர்சனங்களை ஒரு தனி எழுத்து வகையாக எடுத்துக்கொண்டு வாசித்து வருகிறேன். காரணம் இருக்கிறது. திண்டுக்கல்லில் அத்தை வீட்டு ஹாலுக்கு 55 இன்ச் டிவி ஒன்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஹால் 22க்கு 14 அடி. கிழக்கே வாசல், தெற்கே இரண்டு பெரிய ஜன்னல், தரை முழுக்க வெள்ளை டைல்ஸ். காலை எட்டு மணிக்கே கண் கூசும்.

வாசித்தவரை தோன்றுவது இதுதான்: இவை எல்லாம் ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு சினிமா பார்க்கிற ஒருவருக்காக எழுதப்பட்டவை. விண்வெளிப் படத்தில் கறுப்பு எவ்வளவு கறுப்பு என்று பக்கம் பக்கமாக அளக்கிறார்கள். அளப்பதில் தப்பில்லை. ஆனால் அத்தை டிவி பார்ப்பது பகல் பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரை. வீட்டிலேயே அதிக நேரம் டிவி முன்னால் இருக்கிற ஆளைப் பற்றி அநேகமாக ஒரு வரிகூட கிடையாது.

அந்தக் கறுப்பையே எடுத்துக்கொள்வோம். ஓஎல்இடியில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே போகிறது; அதனால் கான்ட்ராஸ்ட் 'முடிவிலி' என்பார்கள். இருட்டறையில் உண்மை. திரைமேல் 500 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது, அதில் 2 சதவீதத்தைத் திரை பரவலாகத் திருப்பி விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 500ஐ 0.02ஆல் பெருக்கி, 3.14ஆல் வகுத்தால் சுமார் 3 நிட்ஸ் வரும். அணைந்த புள்ளியும் இப்போது 3 நிட்ஸ். வெள்ளை 300 நிட்ஸ் என்றால் விகிதம் ஏறக்குறைய 100:1. முடிவிலி எங்கே போச்சு? வாசல் வழியா வந்த வெயில் தின்னுடுச்சு.

இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பக்கவாட்டுப் பார்வைக்கு நல்லதான ஐபிஎஸ் பேனலுக்கு கான்ட்ராஸ்ட் 1000:1 சுமார்தான் என்று விமர்சகர்கள் முகம் சுளிப்பார்கள். விஏ பேனலில் அது 3000க்கு மேல். பகல் வெளிச்சமே எல்லாவற்றையும் நூறு, இருநூறுக்கு இறக்கிவிடும்போது இந்த வித்தியாசம் எங்கே தெரியப் போகிறது? ஆனால் பெரிய ஹாலில் ஆளுக்கொரு மூலையில், பாதிப் பேர் தரையில் உட்கார்ந்திருக்கும்போது, விஏவில் நிறம் வெளுப்பது நன்றாகவே தெரியும்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 1000, 1500 நிட்ஸும் அப்படித்தான். அது பெரும்பாலும் திரையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வெள்ளையாக எரியும்போது எடுத்த அளவு. சீரியல் வீட்டு வெளிர் சுவரும், பகல் ஆட்டத்தின் மைதானமும் திரை முழுக்க வெளிச்சம் கேட்பவை. அப்போது ஓஎல்இடி தானாகவே மங்கிக்கொள்ளும்; சில வருடம் முந்தைய மாடல்கள் பல 200 நிட்ஸை ஒட்டித்தான் நிற்கும். நல்ல மினி எல்இடி 500, 600 வரை தாங்கும். பகல் ஹாலுக்கு என் ஓட்டு அதற்குத்தான். கடையில் கேட்டால் இந்த எண்ணைச் சொல்ல ஆளில்லை. அங்கே ஜன்னலும் இல்லை. இரவு நகரமும் பூக்களும் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

4கே பற்றி அதிகம் பேச வேண்டாம். 12 அடி தள்ளி உட்கார்ந்தால் 55 இன்ச்சில் ஃபுல் எச்டியின் புள்ளியையே சராசரிக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது.

விமர்சனங்கள் சுத்தமாக விட்டுவிடுவது சுவரை. ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்த காலத்திலும், 2006 செப்டம்பரில் தொடங்கி அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி காலத்திலும், பெட்டியைத் தூக்கி வெளிச்சம் படாத மூலையில் வைத்துவிடலாம். 55 இன்ச்சை அப்படி ஒதுக்க முடியாது. வீடு கட்டும்போதே வாசலுக்கு நேர் எதிர்ச்சுவரில் பிளக் பாயின்ட் வைத்துவிடுகிறார்கள், வர்றவங்களுக்கு முதல்ல டிவி தெரியணுமே! விளைவு, சீரியல் நாயகியின் முகத்துக்கு மேல் வாசல் கம்பிக் கதவு தெரிகிறது.

சோதிப்பது சுலபம். டிவி வரப்போகிற இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். கண்ணாடியில் வாசல் தெரிந்தால் டிவியிலும் தெரியும். மேட் திரை அந்தப் பிம்பத்தைக் கலைக்கும், ஆனால் கறுப்பு மொத்தமும் சாம்பல் பூத்த மாதிரி ஆகும். வேறு சுவரே இல்லாதவர்களுக்கு அது பரவாயில்லை.

அத்தை வீட்டில் வேறு சுவர் இருக்கிறது. வாசலை ஒட்டிய கிழக்குச் சுவரில் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தோம், எதிரே அலமாரி மட்டும்தான் தெரிந்தது. தெற்கு ஜன்னல் பக்கவாட்டில் போய்விடுகிறது. ஐப்பசிக்கு மேல் வெயில் தெற்கே சாய்ந்து உள்ளே வரும், அதற்குக் கனமான திரைச்சீலை வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கும் ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகிவிட்டதால், அந்த மிச்சத்தில் திரைச்சீலையும் பிளக் பாயின்ட் மாற்றுகிற எலக்ட்ரீஷியன் கூலியும் அடங்கிவிடும் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். "மொதல்ல எலக்ட்ரீஷியனக் கூப்பிடு" என்றார்.