வாளுக்குத் திரும்பியதா ஜப்பான்? நோயல் பெரினின் நூலை முன்வைத்து ஒரு மதிப்பீடு

1543இல் தனேகாஷிமாத் தீவுக்கு வந்த போர்த்துக்கீசியரிடமிருந்து திரித்துப்பாக்கியைப் பெற்ற ஜப்பானியர், சில பத்தாண்டுகளுக்குள் அதனைத் தாமே பெருமளவில் செய்து களத்தில் பயன்படுத்தினர்; பின்னர்த் தோக்குகாவா ஆட்சிக்காலத்தில் தம் விருப்பாலேயே அதனைத் துறந்து வாளுக்குத் திரும்பினர். நோயல் பெரின் 1979இல் வெளியிட்ட ‘துப்பாக்கியைக் கைவிடுதல்’ என்னும் நூலின் சாரம் இது. ஆங்கிலப் பேராசிரியரான பெரினின் இலக்கு ஜப்பானிய வரலாற்றோடு நின்றுவிடவில்லை. அணுவாயுத யுகத்தில், கைக்கு வந்த ஒரு படைக்கலத்தை மனிதர் மீண்டும் கீழே வைக்க இயலும் என்பதற்கு அவர் சான்று தேடினார். ஆதலின் அச்சான்றின் வலிமையைச் சோதிப்பது இன்றியமையாதது.

முதற்சிக்கல் ‘திரும்புதல்’ என்னும் சொல்லிலேயே உள்ளது. துப்பாக்கிக்கு முந்தைய ஜப்பானியப் போரில் வாள் தலைமைக் கருவியாக இருக்கவில்லை. பதினான்காம் நூற்றாண்டு வீரர்கள் தம் காயங்களைப் பதிவுசெய்து அளித்த ஆவணங்களை ஆராய்ந்த தாமஸ் கொன்லன், அவற்றுள் அம்புக்காயங்களே மிகுதி எனக் காட்டியுள்ளார். சாமுராயின் ஆன்மாவாக வாள் போற்றப்பட்டது பெரும்பாலும் போர் ஓய்ந்த பிற்காலத்தில்தான். இல்லாத இடத்திற்கு எவரும் திரும்ப இயலாது.

துப்பாக்கி வீரனின் உடல்நிலை அழகற்றதாகக் கருதப்பட்டதும் அதன் வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்கிறார் பெரின். நூலின் சுவையான பகுதி இது; ஆனால் வலுக்குறைந்த பகுதியும் இதுவே. இனதோமி மரபின் பயிற்சிச் சுவடி ஓவியங்கள், ஆடை குறைத்த உருவங்களின்வழி முழங்கால், தோள், கை ஆகியவற்றின் நிலையைக் கற்பிக்கின்றன. வில்லுக்கும் வாளுக்கும் இருந்ததுபோலவே துப்பாக்கிக்கும் குருமரபுகள் தோன்றின. புதுக்கருவி மரபுக் கலையாகவே மாறிவிட்டது.

கீழை, மேலை என்னும் பிரிப்பும் இங்கே நிலைகுலைகிறது. 1575இல் நாகஷினோவில் ஓதா நோபுநாகாவின் படை மூன்று வரிசைகளாக மாறிமாறிச் சுட்டுத் தக்கேதா குதிரைப்படையை அழித்தது என்பது பரவலான கூற்று. நோபுநாகாவிடம் பணியாற்றிய ஓதா கியூஇச்சியின் வரலாற்றில் இச்சுழல்முறை இல்லை. பின்வந்த ஓசே ஹோஆனின் நூலே அதனைக் கூறுகிறது. மரவேலிக்குப் பின்னிருந்த துப்பாக்கிகள் தக்கேதா படைக்குப் பேரிழப்பை விளைத்தன என்பது வரை ஐயமில்லை. மேலைநாட்டிலோ, 1594இல் நசாவ் இளவரசர் மாரிஸுக்கு வில்லியம் லூயி எழுதிய மடல் வரிசைமுறைச் சுடுதலை முன்மொழிந்தது. அதற்கு அவர் தூண்டுதல் பெற்றது ஈலியனின் பண்டைய போர்நூலிலிருந்து. மிகப்புதிய சுடுமுறை மிகப்பழைய ஏட்டிலிருந்து பிறந்திருக்கிறது! இங்கிலாந்தில் 1590இல்கூட ஜான் ஸ்மைத் நெடுவில்லே மேலானது என வாதிட்டார். மரபின்மீதான பற்று கிழக்கின் தனிக்குணம் அன்று.

இனி, ‘துறத்தல்’. 1588இல் ஹிதேயோஷியின் ஆணை உழவரிடமிருந்து துப்பாக்கியோடு வாளையும் ஈட்டியையும் வில்லையும் பறித்தது. 1637–38 ஷிமாபாரா கிளர்ச்சியில் இருதரப்பிலும் துப்பாக்கிகள் முழங்கின. பயிரழிக்கும் விலங்குகளை விரட்டச் சிற்றூர்களில் அவை தொடர்ந்து இருந்தன. 1687இல் ஷோகுன் ட்சுனாயோஷியின் ஆட்சி அவற்றைக் கணக்கெடுத்துக் கட்டுப்படுத்த முனைந்தது. துறந்துவிட்ட பொருளுக்குக் கணக்கெடுப்பு எதற்கு? உண்மையில் நின்றது வளர்ச்சியே. போரின்மையால் அதற்கான தேவை மறைந்தது. குனிதோமோ கொல்லர்மரபில் வந்த இக்கான்சாய் 1830களில் தொலைநோக்கி செய்ததைக் காணும்போது, கைத்திறன் குன்றவில்லை என்பது தெளிவு.

துப்பாக்கிக்கு வேலையில்லாமற் செய்த அமைதி எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதே பெரின் நின்று ஆராய்ந்திருக்க வேண்டிய வினா. ஓர் ஆட்சிப்பகுதிக்கு ஒரே கோட்டை என்ற 1615ஆம் ஆண்டு விதி, சிற்றரசர் முறைவைத்து எதோவில் தங்கவேண்டும் என்ற 1635ஆம் ஆண்டு ஆணை ஆகியவை அவ்வினாவுக்கு, வாளழகைக் காட்டிலும் நெருங்கிய சான்றுகள்.