ஸ்பைடர்-மேனின் வரவாட்டம்

வெருகல் ஆற்றைத் தாண்டினால் கதிரவெளி, வாகரை என்று மட்டக்களப்பு மாவட்டம் தொடங்கிவிடும். கூத்து வேரோடிய மண் அது. வட்டக்களரியைச் சுற்றி இருக்கும் சனத்துக்குக் கர்ணன் சாகப்போவது தெரியாதா என்ன? தெரிந்துகொண்டேதான் விடிய விடிய இருக்கிறார்கள். அவர்கள் காத்திருப்பது வரவுக்கு. ஒரு பாத்திரம் முதன்முதலாகக் களரிக்குள் வரும்போது அண்ணாவியார் மத்தளத்தில் அதற்கென்றே உள்ள தாளக்கட்டை அடிப்பார். அரசனுக்கு ஒன்று, பெண் பாத்திரத்துக்கு வேறொன்று. வருவது யாரென்பதை ஆட்டக்காரரின் காலே சொல்லிவிடும்.

2018இல் வந்த 'ஸ்பைடர்-மேன்: இன்டு த ஸ்பைடர்-வேர்ஸ்' என்ற அனிமேஷன் படத்தையும் அதே கண்ணோடு பாருங்கள். 2002 முதல் 2017 வரை இந்த நாயகனுக்கென்று ஆறு படங்கள், மூன்று நடிகர்கள். சிலந்தி கடித்த கதை எல்லோருக்கும் மனப்பாடம். படத்தை இயக்கிய மூவரும் அந்தச் சலிப்பை மூடி மறைக்கவில்லை. படத்தில் வரும் ஒவ்வொரு புதிய ஸ்பைடர் பாத்திரமும் வந்து அதே பூர்வகதையைத் தன் பாணியில் மளமளவென்று சொல்லிவிட்டு ஆட்டத்தில் இறங்குகிறது. 1930களின் துப்பறிவாளன் கறுப்பு வெள்ளையில் வருகிறான். பெனி பார்க்கர் ஜப்பானிய அனிமேக் கோடுகளில் வருகிறாள். பன்றி வடிவ ஸ்பைடரோ பழைய கார்ட்டூனிலிருந்து அப்படியே குதித்தது. இவர்கள் எல்லோரும் ஒரே சட்டகத்தில் நிற்கும் காட்சியில் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள்.

அடுத்தது கால். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள். அனுபவசாலியான ஸ்பைடர்-மேன் பீட்டருக்கு அந்த 24இலும் அசைவு உண்டு. புதிதாக ஸ்பைடர்-மேன் ஆகும் புரூக்ளின் பையன் மைல்ஸ் மொராலஸுக்குத் தொடக்கத்தில் 12 நிலைகள்தான். ஒவ்வொன்றும் இரண்டு சட்டகத்துக்கு அப்படியே நிற்கும். பனி மூடிய காட்டில் இருவரும் வலை வீசித் தாவும் இடத்தில் இது நன்றாகத் தெரியும். பீட்டர் வழுக்கிக்கொண்டு போக, பையன் தடக்குத் தடக்கென்று வெட்டி வெட்டிப் போகிறான். தொழில் பழகப் பழக அந்த வெட்டு குறைகிறது. பழக்கம் ஏறியதைச் சொல்ல ஒரு வசனமும் தேவைப்படவில்லை. இந்தப் படத்தில் என்னை முழுதாக வென்றது இதுதான்.

நிறங்களும் கவனிக்க வேண்டியவை. தூரத்துப் பொருட்கள் வழக்கம்போல் மங்கலாவதில்லை. மை விலகி அச்சான சித்திரக்கதைப் பக்கம் மாதிரி சிவப்பும் நீலமும் தள்ளித் தள்ளி நிற்கும். அதைப் பிழை என்று நினைத்துத் திரையைத் திருத்தப் போகாதீர்கள்.

மைல்ஸ் கட்டடத்தின் உச்சியிலிருந்து பாயும் காட்சியை இரண்டு தடவையாவது பாருங்கள். பயத்தில் விரல்கள் கண்ணாடியை விடுவதில்லை. பாயும்போது கண்ணாடி உடைந்து கையோடு வருகிறது. பிறகு கமரா தலைகீழாகிறது. விழுகிறவன் நகரத்தை நோக்கி மேலே ஏறுகிறான்.

இதன் தொடர்ச்சி 2023இல் வந்தது. இந்தியாவில் தமிழ்க் குரலிலும் வெளியானது. அதில் குவென் என்ற பெண் ஸ்பைடர் தன் தகப்பனோடு பேசும் இடங்களில் பின்னணியின் வர்ணம் அவள் மனநிலைக்கேற்ப மாறி வழிகிறது. கதை நடுவழியில் நின்றுவிடும் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு பாருங்கள்.