முப்பத்தேழு வயதில் எழுதிய முதுமை

பதினேழு வயதில் குரல் உடைகிறது. நேற்றுவரை கண்ணுக்கு நிறைவாக இருந்த பையனுக்குக் கைகால் நீண்டு, நடையே கோணலாகிவிடுகிறது. கூட்டம் சிரிக்கிறது. சிரித்தால் சிரிக்கட்டும், எட்டுகிற சுருதியில் காலையும் மாலையும் பாடிப் பழகு, இப்போது விட்டால் உன் கலை இத்தோடு நின்றுவிடும் என்கிறார் ஸெயாமி.

ஜப்பானின் நோ நாடகத்துக்கு உருவம் கொடுத்தவர் அவர். 1400 வாக்கில் எழுதத் தொடங்கிய 'ஃபூஷிகடென்' நூலின் முதல் அத்தியாயம், நடிகனின் வாழ்க்கையை 7 வயதிலிருந்து 50-க்கு அப்பால் வரை பின்தொடர்கிறது. ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியைப் படித்தால் பாத்திரத்துக்குள் இறங்கும் வழி தெரியும். ஆனால் நடிகனுக்கும் வயதாகும் என்ற உண்மையை இவ்வளவு பரிவோடு சொன்ன வேறு நூலை நான் படித்ததில்லை.

மேடையில் மனத்தை இழுக்கும் அந்த ஒன்றை அவர் 'பூ' என்கிறார். பன்னிரண்டு வயதுப் பையனிடம் இருப்பது பருவம் தந்த பூ, பருவத்தோடு உதிர்ந்துவிடும். அதைவிட ஆபத்தானது இருபத்தைந்து. குரலும் உடலும் நிலைபெற்ற அந்த வயதில், தேர்ந்த கலைஞர்களையும் போட்டியில் வென்றுவிடலாம். புதுமைக்குக் கிடைத்த அந்தக் கைத்தட்டலைத் தன் தேர்ச்சிக்குக் கிடைத்ததாக நம்புகிறவன் கெட்டான்.

ஏட்டறிவோடு நிற்கிறவர் அல்லர் ஸெயாமி. கூட்டம் அடங்கி, எல்லாக் கண்களும் திரைப்பக்கம் திரும்பும் கணத்தில் மேடையேறச் சொல்கிறார். பிரபுக்கள் சீக்கிரமே வந்து, சலசலப்புக்கு நடுவே தொடங்க நேர்ந்தால்? வழக்கத்தைவிடக் குரலை உயர்த்து, காலை ஓங்கி மிதி. மேடையில் நின்று பழகாதவருக்கு இது தோன்றாது.

நாற்பத்தைந்தில் நல்ல துணை நடிகன் ஒருவனை வைத்துக்கொண்டு, அலட்டாத வேடங்களை எடுக்க வேண்டும். முகமூடி இல்லாமல் நடிக்கக் கூடாது. ஐம்பதுக்கு மேல் பெரும்பாலும் எதுவும் செய்யாமலிருப்பதே செய்யத்தக்கது. இதையெல்லாம் எழுதியபோது ஸெயாமிக்குச் சுமார் 37 வயது. தாம் இன்னும் தொடாத வயதுகளை அவர் தம் தந்தை கானாமியைப் பார்த்தே எழுதியிருக்கிறார். நூலின் ஈரம் அங்கிருந்துதான் வருகிறது.

1384. கானாமிக்கு 52 வயது. சுருகா மாகாணத்தின் செங்கென் ஆலயத்தில் ஆடுகிறார். கடினமான உருப்படிகளை இளையவர்களுக்கு விட்டுவிட்டு, எளிதானவற்றை மட்டும் அளவாக, நிறம் சேர்த்துச் செய்கிறார். கூட்டத்தில் மேலோர் கீழோர் எல்லோரும் வியந்து பாராட்டுகிறார்கள். இலை உதிர்ந்த கிழமரத்தில் பூ மட்டும் உதிராமல் நின்றதைக் கண்ணால் பார்த்ததாக மகன் எழுதுகிறார். அந்த ஆட்டம் முடிந்து 15 நாளில் தந்தை இறந்துபோனார்.